கதிர்ச் சிகிச்சைக்குப் பின் இரைப்பையில் குருதிக் கசிவு

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் தயக்கம் எவர்க்கும் எழக்கூடும். ஆனால் உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என நால்வகைத் தானம் வகுத்த மரபு இது. அந்நான்கனுள் மருந்துக்கு இடம் தந்த முன்னோர், நோயுற்றவர் துயரை விழாவுக்குப் புறம்பானதாக எண்ணவில்லை. மருந்தைத் தருவது ஒரு தானம் எனின், மருந்தைப் பற்றிய தெளிவைத் தருவதும் அதனுள் அடங்கும்.

இன்று எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகியது. ஆனால் உயிரோடு தொடர்புடையது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்று, அது முடிந்து, வீடு திரும்பிப் பல திங்கள் கழிந்தபின் சிலருக்கு இரைப்பையிலிருந்து குருதி கசிகிறது. அதனைக் கண்டதும் குடும்பம் இருவேறு பிழைகளுள் ஒன்றில் விழுகிறது. ஒரு சாரார் புற்றுநோய் மீண்டுவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மனம் தளர்ந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் சூட்டினால் வந்தது, மூலம், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று காலம் கடத்துகின்றனர். இரண்டும் தவறாக முடியக்கூடும். கதிரால் வரும் இக்கசிவுக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, படிப்படியான மருத்துவமும் உண்டு. இதுவே இவ்வுரையின் சாரம்.

கதிர்ச் சிகிச்சை என்பது யாது?

சிற்றூர்களில் இச்சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்பர். இதில் உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. மின்சாரத்தால் இயங்கும் கருவியிலிருந்தோ கோபால்ட் போன்ற தனிமத்திலிருந்தோ வெளிப்படும் ஆற்றல் மிக்க கதிர்கள் கட்டியின்மீது குவிக்கப்படுகின்றன. அக்கதிர் உயிரணுவின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. விரைந்து பெருகும் அணுக்கள் அச்சிதைவைத் தாங்கமாட்டாமல் மடிகின்றன. புற்றணுக்கள் அத்தகையன, ஆதலால் அவை அழிகின்றன.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், டேவிட் வால்ஷ் என்னும் மருத்துவர், அக்கதிர் தோலை மட்டுமன்றி உடலின் உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஆற்றும் கருவியே சுடவும் வல்லது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த உண்மை. அதன்பின் வந்த நூற்றாண்டின் உழைப்பு முழுதும், கட்டிக்கு மிகுதியாகவும் சுற்றியுள்ள நல்ல திசுவுக்குக் குறைவாகவும் கதிரைச் செலுத்தும் வழியைத் தேடியதே ஆகும். தமிழகத்தில் மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பெற்றது. அதன்பின் இந்நாட்டு எளிய மக்களுக்கும் இச்சிகிச்சை எட்டத் தொடங்கியது. எண்ணற்றோர் இதனால் உயிர் பிழைத்துள்ளனர். ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டு எவரும் கதிர்ச் சிகிச்சையை அஞ்சி ஒதுக்குதல் கூடாது.

இரைப்பை ஏன் புண்படுகிறது?

இரைப்பை, உணவுக்குழலின் கீழ்ப்பகுதி, கணையம், பித்தநாளம், கல்லீரல் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டி அமைந்தவை. இவற்றுள் ஒன்றில் எழுந்த கட்டிக்குக் கதிர் செலுத்தும்போது, அண்டையிலிருக்கும் இரைப்பையும் ஓரளவு கதிரை ஏற்கிறது. இரைப்பைக்குள்ளேயே கட்டி எழுந்து அதற்குச் சிகிச்சை பெறுவோரும் உளர்.

கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் அளப்பர். ஒரு கிலோ எடையுள்ள திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் லூயி ஹெரால்டு கிரேயின் பெயரால் அமைந்த அலகு இது. இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின் கதிர் தரும்போது, நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம் 25 நாள்களில் 45 கிரே தருவது நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் முறை. வாரத்திற்கு ஐந்து நாள் எனக் கொண்டால் ஐந்து வாரம். இரைப்பை முழுதும் 45 கிரேக்கு மிகாமல் ஏற்றால், அதில் ஆழ்ந்த புண் உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு என்று 2010இல் வெளியான ‘குவான்டெக்’ ஆய்வுத் தொகுப்பு கணித்தது. அளவு கூடக்கூட அவ்வாய்ப்பும் கூடும்.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. 1940, 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் விரைப் புற்றுநோய்க்காக வயிற்றில் கதிர் பெற்ற படைவீரர் சிலருக்கு, பின்னாளில் இரைப்பையிலும் குடலிலும் புண் தோன்றியதை மருத்துவர்கள் பதிவுசெய்தனர். இரைப்பை எவ்வளவு கதிரைத் தாங்கும் என்பதை உலகம் அறிந்துகொள்ள அவ்வீரர்தம் உடல்நிலைக் குறிப்புகள் உதவின.

கதிர் பெறும் நாளில் உணவு உண்டு இத்தனை மணிநேரம் கழித்தே வருக என்று மருத்துவமனையில் கூறுவதற்கும் இதுவே காரணம். உணவு நிறைந்த இரைப்பை விரிந்து, கதிர் விழும் பாதைக்குள் வந்துவிடக்கூடும். ஒவ்வொரு நாளும் இரைப்பை ஒரே அளவில் இருந்தால்தான் வகுத்த திட்டம் பிழையாது. வழியில் ஒரு குவளைப் பால்தானே என்று எண்ணி அக்கட்டளையை மீறுதல் ஆகாது.

முன்னர் வரும் துன்பமும் பின்னர் வரும் புண்ணும்

கதிரின் தீங்கு இருவகைப்படும். சிகிச்சை நடக்கும்போதே குமட்டல், வாந்தி, வயிற்றெரிச்சல், பசியின்மை ஆகியவை வருவது முதல்வகை. இரைப்பையின் உட்சவ்வு இடைவிடாது புதுப்பிக்கப்படும் சவ்வாதலால் கதிர் அதனை விரைவில் தாக்குகிறது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் அது தானே ஆறிவிடும்.

இரண்டாம் வகை, மூன்று திங்கள் கழிந்தபின், சிலருக்கு ஓராண்டு ஈராண்டு கடந்தும் தலைகாட்டும். இங்குத் தாக்கப்படுவன சிறு குருதிநாளங்கள். அவற்றின் உட்சுவர் தடித்துத் துளை குறுகி, சில முற்றிலும் அடைபட்டும் போகின்றன. குருதியோட்டம் குன்றிய திசு உயிர்வளி இன்றி வாடுகிறது; மென்மை இழந்து தழும்பாகிறது. அக்குறையை ஈடுசெய்ய உடல் புதிய நாளங்களை முளைப்பிக்கிறது. அவையோ சுவர் மெலிந்தவை, சவ்வின் மேற்புறத்தில் சிலந்திவலைபோல் படர்பவை. உணவு உரசினாலும் அமிலம் பட்டாலும் அவை கசியும். பழைய வாய்க்கால்கள் தூர்ந்துபோன வயலில், மண்ணால் அவசரமாகப் போட்ட வரப்பு ஆங்காங்கே உடைவதை ஒத்தது இது.

இவ்விளக்கம் ஏன் வேண்டும் எனின், மருத்துவம் இதிலிருந்தே பிறக்கிறது. சாதாரண வயிற்றுப்புண் அமிலத்தால் வருவது. அமிலத்தைக் குறைத்தால் பெரிதும் ஆறிவிடும். கதிர்ப்புண்ணில் குறை குருதிநாளத்தில் உள்ளது. ஆகவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தேவை. ஆயினும் பலருக்கு அது மட்டும் போதாது.

அறிகுறிகள்

இரைப்பையில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிலிட்டர் குருதி கசிந்தாலே மலம் கறுத்துவிடும். அக்கருமை தார்போல் பளபளப்பது. ஒட்டும் தன்மையும் கொடிய நாற்றமும் உடையது. இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார்போல் ஒட்டாது, அந்நாற்றமும் இராது. ஐயம் இருப்பின் வீட்டில் முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வாந்தியில் காப்பித்தூள் போன்ற கருந்துகள்கள் வருவதும், சிவந்த குருதியே வருவதும் இரைப்பைக் கசிவின் அடையாளங்கள்.

கசிவு மிக மெல்லியதாயின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படியேறினால் மூச்சு வாங்குதல், எழுந்து நின்றால் தலை சுற்றல், நெஞ்சு படபடப்பு, முகம் வெளிறுதல், ஓயாத களைப்பு ஆகியவை மட்டும் வரும். கதிர் பெற்றவர் எப்போதும் களைத்துத்தான் இருப்பார் என்று குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். ஒரு குருதிப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இங்கு ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். சிகிச்சை முடிந்து ஏழு திங்கள் ஆகின்றன. மகன் ஏற்கெனவே நிலத்தை அடகு வைத்துச் செலவு செய்திருக்கிறான். ஒருநாள் காலை மலம் கறுத்திருப்பதை அவர் காண்கிறார். இதைச் சொன்னால் மீண்டும் மருத்துவமனை, மீண்டும் செலவு, மருமகளுக்கு மீண்டும் அலைச்சல் என்று எண்ணி வாய் திறவாது இருந்துவிடுகிறார். மலத்தைப் பற்றி மகனிடம் பேசும் கூச்சம் வேறு. பத்தாம் நாள் சமையலறையில் மயங்கி விழுந்தபின்னரே வீட்டார்க்கு அது தெரிகிறது. இப்படி ஒரு தாய் எந்த வீட்டிலும் இருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் நடந்துபோய் முடித்திருக்கக்கூடிய சிகிச்சை, பத்தாம் நாள் ஆம்புலன்சில் போகும் சிகிச்சையாகிவிடுகிறது. ஆதலால் கதிர் பெற்றவர் இருக்கும் வீட்டில், மலத்தின் நிறத்தை வெட்கமின்றிக் கேட்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். மகளோ பேத்தியோ கேட்டால் கூச்சம் குறையும்.

குருதியாக வாந்தி எடுத்தல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, நாடி விரைதல் ஆகியவை கண்டால் மறுநாள்வரை காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அந்நேரத்தில் கஷாயமோ மோரோ சோறோ கொடுத்தல் ஆகாது. சுக்கும் மிளகும் திப்பிலியும் வேறு நோய்களுக்குக் கைகண்ட மருந்தாகலாம்; குருதி கசியும் இரைப்பைக்கு அவை உரியன அல்ல.

மருத்துவமனையில் நிகழ்வன

முதற்பணி உயிரைக் காப்பது. நரம்பில் ஊசியிட்டு நீர்மம் ஏற்றுவர். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஊசிவழியே தருவர். ஹீமோகுளோபின் பொதுவாக 7 கிராமுக்குக் கீழிறங்கினால் குருதி ஏற்றுவர். இதய நோயர்க்கு 8 கிராம் அளவிலேயே ஏற்றுவதுண்டு. முற்காலத்தில் எவ்வளவு மிகுதியாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இருந்தது. அளவோடு ஏற்றுவதே நன்று என்பது இக்காலத் தெளிவு. குருதியை நிறுத்துவதற்கென்று டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைக் கேட்டு வற்புறுத்தும் உறவினரும் உளர். ஏறத்தாழ 12,000 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, உணவுப்பாதையில் திடீரெனப் பெருகும் கசிவில் அம்மருந்து இறப்பைக் குறைக்கவில்லை என்றும், குருதி உறைகட்டி உண்டாகும் இடர் சற்றுக் கூடுகிறது என்றும் காட்டியது.

உடல்நிலை சீரானபின், பெரும்பாலும் 24 மணிநேரத்திற்குள், எண்டோஸ்கோப்பி செய்வர். வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள கேமராவால் இரைப்பையின் உட்புறத்தைக் காண்பதே இது. கதிர்ப்புண்ணாயின் சவ்வு வெளிறியும், தொட்டால் கசியும் தன்மையோடும், செந்நிற நாளங்கள் வலைபோல் படர்ந்தும் காணப்படும். புற்றுநோய் மீண்டிருக்குமோ என்னும் ஐயம் இருப்பின் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பர். அச்சோதனையின் முடிவு வரும்வரை எவரும் தம் மனத்தளவில் தீர்ப்பு எழுதிவிடலாகாது. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் கிருமி உண்டா என்றும் பார்ப்பர். பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் ஆஸ்திரேலியர் இருவர்க்கும் 2005இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு அது. அக்கிருமி இருப்பின் அதனையும் ஒழித்தாக வேண்டும்.

இவ்விடத்தில் மருத்துவர்க்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. நோயர் முன்னர் வயிற்றுப் பகுதியில் கதிர் பெற்றவர் என்பதே அது. இரவு நேர அவசரப் பிரிவில் பணிபுரிவோர்க்கு அது தானாகத் தெரியவராது. உடன் செல்பவர் முதல் வாக்கியமாக அதனைச் சொல்லுதல் வேண்டும்.

மருத்துவத்தின் படிகள்

முதற்படி மருந்து. பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை உணவுக்கு அரைமணி முன்னர் உண்ணுதல் வேண்டும். சுக்ரால்ஃபேட் என்னும் மருந்து புண்ணின்மேல் களிம்புபோல் படிந்து காக்கிறது. அதனை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒருமணி முன்னர் அருந்தவேண்டும். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணிநேர இடைவெளி தேவை. இன்றேல் அவை உடலில் சேராமல் தடுத்துவிடும். அதில் அலுமினியம் உண்டு; ஆதலின் சிறுநீரகம் பழுதுற்றவர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி, எண்டோஸ்கோப்பி வழியாகவே கசியும் நாளங்களைச் சுட்டு அடைப்பது. இதற்குப் பெரிதும் பயன்படுவது ஆர்கான் பிளாஸ்மா முறை. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் இது எண்டோஸ்கோப்பிக்கு ஏற்றவாறு வடிவம் பெற்றது. மெல்லிய குழாய்வழியே ஆர்கான் வளிமம் செலுத்தப்படுகிறது. அதனூடே உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும்போது வளிமம் ஒளிர்ந்து, சவ்வைத் தொடாமலே வெப்பத்தை அதன்மேல் தெளிக்கிறது. குருதி உறைந்து நாளம் அடைபடுகிறது. அவ்வெப்பம் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமே செல்லும்; ஆதலால் சுவரில் துளை விழும் இடர் குறைவு. ‘கரண்டு’ என்னும் ஊர்ச்சொல், முதலில் பெற்ற கதிருக்குப் பொருந்தாவிடினும், இம்மருத்துவத்துக்குப் பொருந்தும்.

இது ஒருமுறையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. படர்ந்த நாளங்கள் பலவாதலால், சில வார இடைவெளியில் பலமுறை செய்ய நேரிடும். இரண்டாம் முறைக்கு அழைத்தால் முதல்முறை தோற்றுவிட்டது என்று பொருளன்று. வயலில் களை எடுப்பதுபோல் பகுதி பகுதியாகச் செய்யும் பணி அது. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் ஹீமோகுளோபின் அளவைக் குறித்துவைத்தால், குருதி ஏற்றும் தேவை குறைந்துவருவது கண்கூடாகத் தெரியும்.

மூன்றாம் படி, உயர் அழுத்த உயிர்வளிச் சிகிச்சை. நோயரை மூடிய அறைக்குள் வைத்து, இயல்பு வளிமண்டலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வர். ஒருமுறைக்கு ஒன்றரை மணிநேரம் அல்லது சற்றுக் கூடுதல். மொத்தம் 30 முதல் 40 முறை. உயிர்வளி வறண்ட திசுவில் நல்ல நாளங்கள் மீண்டும் முளைக்க இது தூண்டுகிறது. தாடை எலும்பிலும் மலக்குடலிலும் வரும் கதிர்ப்புண்ணுக்கு இதன் பயனைக் கூறும் ஆய்வுகள் மிகுதி. இரைப்பைக்கோ தனித்தனி நோயரைப் பற்றிய சிறு பதிவுகளே உள்ளன. சில பெருநகரங்களில் மட்டும் கிடைப்பது. செலவும் நாளும் மிகுதி. பிற வழிகள் பயன் தராதபோது கேட்டறிய வேண்டிய வழி இது.

இறுதிப் படிகள் இரண்டு. குருதி பெருகும் நாளத்தை உட்புறமாகவே அடைத்தல் ஒன்று, அறுவை மற்றொன்று. கதிர் பட்ட திசு எளிதில் ஆறாது. தைத்த இடம் கசியும் இடர் மிகுதி. ஆகவே அறுவையை மருத்துவர் தள்ளிப்போடுவது கவனக்குறைவால் அன்று, அறிவினால் என்பதைக் குடும்பத்தார் உணர்தல் வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுக்கும் ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கும் அடிவயிற்றில் கதிர் பெற்றவர்க்கு இதே வகைப் புண் மலக்குடலில் வரலாம்; சிவந்த குருதி கசியும். அதனை மூலம் என்று எண்ணிக் கைவைத்தியம் செய்வோர் பலர். அங்கும் சுக்ரால்ஃபேட்டை ஆசனவாய் வழியே செலுத்துதல், ஆர்கான் முறை, உயர் அழுத்த உயிர்வளி ஆகியவை உண்டு. கதிர் பட்ட மலக்குடலில் தேவையின்றித் துணுக்கெடுத்தால் ஆறாப் புண்ணாகிவிடும். முன்னர்க் கதிர் பெற்ற செய்தியைச் சொல்லவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் காக்க வேண்டியவை

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரைப்பைச் சவ்வை அரிப்பவை. கதிர்ப்புண் உடையவர் அவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் அல்லது குருதி உறையாமை மருந்து உண்பவர் தாமாக அதனை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் மாரடைப்பு நேரலாம். இரு துறை மருத்துவரும் கலந்து முடிவு செய்யவேண்டிய செய்தி அது. புதிய நாளங்கள் வளர்வதைத் தடுக்கும் சில புற்றுநோய் மருந்துகளும் கசிவைக் கூட்டக்கூடும். ஆதலால் உண்ணும் மருந்துகள் அனைத்தின் பட்டியலும் கையில் இருத்தல் நன்று.

இழந்த குருதியை உணவாலேயே ஈடுசெய்துவிடலாம் என்னும் நம்பிக்கை நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 450 மில்லிலிட்டர் குருதி போனால் 200 மில்லிகிராமுக்கும் மேலான இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். அதுவும் அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். அமிலக் குறைப்பு மாத்திரை இரும்பு சேர்வதை மேலும் குறைக்கும். எனவே மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையோ, நரம்பில் ஏற்றும் இரும்போ தேவை. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் துணைநிற்கும். நெல்லியும் எலுமிச்சையும் இரும்பு சேர உதவும். காப்பியும் தேநீரும் அதனைத் தடுப்பதால் உணவோடு சேர்த்து அருந்தாமை நன்று.

சமணக் குடும்பங்களுக்கு உரிய செய்திகள் மூன்று உண்டு. பொழுது சாயுமுன் உண்டு முடிப்போர், மருந்தின் நேரத்தை அதற்கேற்ப வகுத்துத் தருமாறு மருத்துவரிடம் முதல்நாளே கேட்கலாம். காலை உணவுக்கு முன்னும் மாலை உணவுக்கு முன்னும் என அமைத்தல் பெரும்பாலும் கைகூடும். இரண்டாவது, கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. அதனை விரும்பாத மூத்தோர் சிலர், வாங்கி வைத்துக்கொண்டு உண்ணாமலே இருந்துவிடுகின்றனர். சொன்னால் மாத்திரை வடிவமோ, நீர்மமோ, தாவர உறையோ பல மருந்துகளுக்குக் கிடைக்கும். சொல்லாது விட்டால் நோயே வளரும். மூன்றாவது, நோன்பு. குருதி இழந்து தளர்ந்த உடல், உணவும் நீரும் நீத்த நோன்பைத் தாங்காது. அக்காலத்தில் என் செய்வது என்பதை மருத்துவரிடமும் அறநெறி வல்லாரிடமும் வெளிப்படையாகக் கேட்டு நடத்தல் வேண்டும். மறைவாக நோன்பிருந்து மயங்கி விழுந்தால் வீடே கலங்கும்.

ஒரு தாள்

கதிர்ச் சிகிச்சை முடியும் நாளில், எப்பகுதிக்கு, எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை தரப்பட்டது என்பதைக் குறித்த சுருக்கத் தாளை மருத்துவமனை தரும். தராவிடின் கேட்டுப் பெறுதல் வேண்டும். அத்தாளைப் படிகள் எடுத்து, ஒன்றை நோயரின் பையிலும், ஒன்றை வீட்டிலும், ஒன்றை மகனோ மகளோ வைத்திருக்கும் கைப்பேசியிலும் காத்தல் நன்று. ஐந்தாண்டு கழித்து வேறோர் ஊரில் குருதி கசிந்தாலும், முன்பின் அறியாத மருத்துவர் அத்தாளைக் கண்டதும் தாம் எங்கே தேடவேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.

அறக்கட்டளைகளும் இளைஞரும் செய்யக்கூடியவையும் உள. குருதி வகைப் பட்டியல் ஒன்றை ஊர்தோறும் வைத்திருத்தல். எண்டோஸ்கோப்பிக்குப் பலமுறை செல்வோர்க்கு வண்டியும் துணையும் ஏற்பாடு செய்தல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவை அடங்கும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுச் சொல்லுதல். பதினெட்டு வயது நிறைந்து, உடல் நலமும் 45 கிலோவுக்குக் குறையாத எடையும் உடைய இளைஞர் குருதி வழங்கலாம். தம் உடலிலிருந்தே எடுத்துத் தரும் மருந்து அது. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமல் பெறப்படுவது.

கதிர் பெற்றுப் பிழைத்தவர் வீட்டில் இருப்பின், இவ்விழா முடிந்து திரும்பியதும் அந்தச் சுருக்கத் தாள் எங்கே உள்ளது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அவரிடம் உடல் நலத்தையும் உண்டதையும் கேட்பதோடு, மலத்தின் நிறத்தையும் கேளுங்கள். கறுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.